முகம் தெரியாதவருக்கு ஒரு மாலை

செய்தி வந்தபோது நான் சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் படியேறிக்கொண்டிருந்தேன். எங்கள் வாசகர் வாட்ஸப் குழுவில், நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர் ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: "சார் போய்ட்டாரு." அதன் கீழே, எழுத்தாளர் காலமானார் என்று பதிப்பகத்தின் அறிவிப்பு.

உடனே அழுதேன் என்று எழுதினால் பொய். முதலில் கோபம்தான் வந்தது. மூன்று பாகம் என்று சொல்லிவிட்டு ஒரு பாகத்தை மட்டும் எழுதி, நாற்பது பேர் இருக்கிற விண்கலத்தை வியாழன் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஒரு மனிதர் எப்படிச் சாகலாம்? படியிலேயே நின்று மேலே இருந்த பழைய செய்திகளையெல்லாம் தள்ளித் தள்ளிப் படித்தேன். பின்னால் வந்தவர் தோளில் இடித்துவிட்டுப் போனார். அப்போதுதான் கண் எரிந்தது.

நாங்கள் எட்டுப் பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மாடியில் கூடுவோம். அவருடைய அறிவியல் கதைகளை வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். அவ்வளவுதான் எங்கள் இலக்கியச் சேவை. எட்டுப் பேரில் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை. புனைபெயரில் எழுதினார். புத்தக அட்டையில் படம் போடவிடமாட்டார், மேடை ஏறமாட்டார். உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. வாடகை குறைவு என்று மலேசியப் பக்கம் ஜோகூரில் தங்கி, தினமும் பாலம் தாண்டி வருகிறவர். அவருக்கும் எழுத்தாளருக்கும் தமிழ்நாட்டில் ஒரே ஊர். அவரே சொல்வார்: "எதிர்ல வந்தாக்கூட எனக்கு அடையாளம் தெரியாது."

அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். கொரோனா ஊரடங்கில் அவருடைய அப்பா ஊரில் இறந்துபோனார். விமானம் இல்லை. இறுதிச் சடங்கைக் கைப்பேசியில்தான் பார்த்தார். தூக்கும் நேரத்தில் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டதாம். மறுபடி வந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்து அவர் படித்தது, சாரின் சமையல்காரர் கதை. சூரியக் குடும்பத்தைத் தாண்டி, வேறொரு நட்சத்திரத்தின் ஓரத்தில் ஒரு விண்கப்பல். அதில் ஒரு சமையல்காரர். வீட்டிலிருந்து அம்மா பேசி அனுப்புவது ஒன்பது வருடம் கழித்துத்தான் அவர் காதுக்கு வரும். அம்மா இப்போது இருக்கிறாளா என்பதே தெரியாது. இருந்தாலும் தினமும் அன்றைக்கு என்ன சமைத்தேன் என்று அவளுக்குப் பதில் அனுப்புவார். ரயிலில் அதைப் படித்துக்கொண்டே வந்த அக்கா, இறங்கவேண்டிய நிலையத்தை விட்டுவிட்டு கடைசி நிலையமான மரினா சவுத் பியர் வரைக்கும் போய்விட்டாராம்.

அந்த வாரம் தேக்கா மாடியில் அவசரமாகக் கூடினோம். நான் ஸூமில் ஒரு கூட்டம் போடலாம் என்றேன். இன்னொருவர் நூலகத்தில் அறை எடுக்கலாம் என்றார். அக்கா தேநீரைத் தள்ளி வைத்தார்.

"என் புளோக்குக்குக் கீழ வைப்போம். நாற்காலி, படம், மாலை. எழவு மாதிரியே."

இங்கே அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளம் காலியாகத்தான் இருக்கும். கல்யாணமும் அங்கேதான், சாவும் அங்கேதான். ஆனால் எழுத்தாளருக்கா?

"அக்கா, சீரியஸாவா? பாடி இல்லாம எழவா? பாக்கறவங்க நம்மள பைத்தியம்னு சொல்லுவாங்க லா," என்றேன்.

"எங்கப்பாவுக்கும்தான் எனக்கு பாடி இல்ல."

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஒருத்தரையாவது நான் பக்கத்துல உக்காந்து அனுப்பணும்," என்றார். "அதுக்கு நீங்கள்லாம் வந்து உக்காந்தா போதும். பேசக்கூட வேணாம்."

படமும் மாலையும் என் பொறுப்பு என்று நானே வாயைக் கொடுத்தேன். உலகத்தில் யாரிடமும் இல்லாத படத்தை நான் கண்டுபிடிப்பேன் என்று திமிர். மூன்று நாள் இணையத்தைக் குடைந்தேன். கிடைத்தது! அவர் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் இணையப் பக்கத்தில் பாராட்டு விழாப் படம். பின்னால் பேனரில் அவர் பெயர் பெரிதாக. நடுவில் ஒரு பெரியவர், தோளில் பொன்னாடை, தடித்த கண்ணாடி. வேறு யாராக இருக்கமுடியும்? குழுவில் போடாமல் ரகசியமாக வைத்துக்கொண்டேன். எல்லாரும் அசந்துபோகட்டும் என்று பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் பஃபலோ ரோட்டில் மாலை வாங்கப் போனேன். பூக்கடைக்காரம்மா நிமிராமலே கேட்டார்:

"கல்யாணத்துக்கா, காரியத்துக்கா?"

"காரியத்துக்கு."

"சொந்தமா, தெரிஞ்சவங்களா?"

பதினான்கு வயதிலிருந்து அந்த மனிதரைப் படிக்கிறேன். பள்ளியில் தமிழ்ப் பரீட்சைக்கு முந்தின நாள்கூடப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தேன். அவருக்கு நான் இருப்பதே தெரியாது. என்னவென்று சொல்வது?

"என்னம்மா முழிக்கிற? பெரியவரா, சின்ன வயசா, அதையாவது சொல்லு."

"பெரியவரு," என்றேன். சாமந்தி மாலையை வாழை இலையில் சுற்றிக் கொடுத்தார்.

நான்கு மணிக்கு அக்காவின் புளோக் கீழே நாற்காலிகள் போட்டாயிற்று. படத்தைப் பார்த்து எல்லாரும் கிட்டே வந்தார்கள். "இவருதானா! இப்படியா இருந்தாரு!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். படத்துக்கு மாலை போட்டு, எதிரே உட்கார்ந்து, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலத்தில் நெரிசல். ஜோகூர் அண்ணன் ஒரு மணி நேரம் கழித்து ஓடிவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவர், கையை இறக்காமல் அப்படியே நின்றார்.

"யம்மா… இது எங்க ஹெட்மாஸ்டராச்சே!"

"என்னண்ணே சொல்றீங்க?"

"உயிரோட இருக்காரு! பொங்கலுக்குப் போன் பண்ணி என்னைத் திட்டினாரு! அய்யோ, மாலைய வேற போட்டு வச்சிருக்கீங்களே!"

"பேனர்ல சார் பேரு இருந்துச்சே…"

"பேரு இருக்கும். சார்தான் மேடைக்கே வரமாட்டாரே! அவருக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடைய இவரு வாங்கிக்கிட்டுப் போய்க் கொடுத்தாரு. எங்க ஊருக்கே தெரியும்."

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தொற்றிக்கொண்டு இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. எழுந்துபோய் மாலையைக் கழற்றினார். கழற்றிய மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"இந்தத் தடவையும் பாக்க முடியல, பாத்தியா," என்றார் என்னிடம். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என் காது கொதித்தது. சட்டத்தைக் கையில் எடுத்துப் பின்பக்கத் தகட்டைப் பிரித்தேன். ஹெட்மாஸ்டரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காகிதத்தைத் திருப்பி வைத்து மூடினேன். வெறும் வெள்ளை. மேசையில் நிமிர்த்தினேன்.

"இப்பப் போடுங்கக்கா. இவருக்கு இதுதான் சரி."

அக்கா சட்டத்தைக் கொஞ்சம் நேராக்கினார். பிறகு மாலையைப் போட்டார்.

அப்போது மார்க்கெட் பையோடு லிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மா நின்றார். இந்த வயதுப் பெண்களை இங்கே மாக்சிக் என்போம். அக்காவின் மாடியில்தான் குடியிருப்பவர் போல.

"ஹூ பாஸ்ட் அவே, கேர்ள்?"

எழுத்தாளர், அறிவியல் கதை, தமிழ்நாடு என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"மை ஃபாதர்."

நாங்கள் ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். மாக்சிக் வெள்ளைச் சட்டத்தைப் பார்த்தார். படம் எங்கே என்று கேட்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வென்?"

"கோவிட் டைம், மாக்சிக்."

அவர் முகம் மாறியது. "ஓ… தட் டைம். கேனாட் கோ பேக், ஆ?"

"கேனாட்."

மாக்சிக் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், அக்கா உடைந்துபோனார். நான் அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை. சத்தமாக, அடிவயிற்றிலிருந்து, "அப்பா, அப்பா" என்று. மேல்மாடியில் சிலர் எட்டிப்பார்த்தார்கள். யாரும் அவரைத் தேற்றப் போகவில்லை. அழுதுமுடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.

என் கைப்பேசியில் மூன்று பக்கப் பேச்சு தயாராக இருந்தது. சாருக்கு ஒரு விருதும் தராத ஆட்களைக் கிழித்து எழுதியிருந்தேன். அது அங்கேயே கிடந்தது. மாக்சிக் போனபிறகு அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு சமையல்காரர் கதைப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். நான்தான் படித்தேன். என் உச்சரிப்பு மோசம், ழகரம் எனக்கு வராது. யாரும் திருத்தவில்லை. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பக்கத்துத் தெருவுலயே இருந்திருக்காரு. எத்தன தடவ சைக்கிள்ல தாண்டிப் போயிருப்பேனோ," என்று நடுவில் ஒருமுறை சொன்னார். கடைசிப் பக்கத்தில் என் குரல் போய்விட்டது. இனி சார் எழுதி ஒரு வரிகூட வராது என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. மிச்சத்தை அண்ணன் படித்து முடித்தார்.

ஏழு மணிக்கு நாற்காலிகளை அடுக்கினோம். அக்கா லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நேரா வீட்டுக்குப் போ. எதையும் தொடாம தலைக்குக் குளிச்சிரு. சரியா?"

போனேன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் குளியலறைக்குள் நுழைந்தேன். அம்மா கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"என்னடி இந்த நேரத்துல தலைக்கு ஊத்துற? எங்க போய்ட்டு வந்த?"

"எழவுக்கு."

"யாரு வீட்டு எழவு?"

"அக்காவோட அப்பா," என்றேன். தண்ணீர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. "அப்புறம் எங்க சார்."

அம்மா துண்டைக் கதவுப்பிடியில் மாட்டும் சத்தம் கேட்டது.

"கட்டியிருந்த துணிய மெஷின்ல போட்றாத," என்றார். "தனியா ஊற வை."