பாக்கெட்டில் ஒரு டைனோசர்

சிங்கப்பூர் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் அக்கா ஒல்லியானவர், கண்ணுக்குக் கீழே எப்போதும் கருப்பு. பஸ் எங்கள் ஊரான சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டிய பிறகுதான் சீருடைப் பாக்கெட்டிலிருந்து அன்றைக்கு உள்ள சின்ன பிளாஸ்டிக் டைனோசரை எடுப்பார்.

"மனசுல இருக்கறதை பொம்மையால காட்டணும்னு பாலர் பள்ளியில சொல்லிக் குடுத்தது, தங்கச்சி. பல்லு பெருசா இருந்தா மகளுக்குக் கோபம். கழுத்து நீட்டா இருந்தா என்னைத் தேடுறா. நான் வர்றதுக்குள்ள தூங்கிடுவா, அதான் மறுநாள் சட்டையில போட்டு வைக்கிறா. நான் அதை வீட்டுலயே பார்த்துட்டா எனக்குக் கெளம்ப மனசு வராது."

பெரும்பாலும் பல் பெரியதுதான் வந்தது. ஒருநாள் பாக்கெட் காலியாக இருந்தது.

"கோபம் போயிருக்கும் லா, அக்கா," என்றேன்.

"கோபம்னாலும் எங்கிட்ட சொல்லிக்கிட்டுதானே இருந்தா. இப்ப அதுவும் இல்ல."

பாக்கெட்டுக்குள் விட்ட கையை, சிங்கப்பூருக்குள் போகும் கடற்பாலம் தாண்டியும் அவர் வெளியே எடுக்கவில்லை.