பச்சை விளக்கும் ஈரல் வறுவலும்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த புது ஸ்கேன் மெஷினை நான் முதல் நாளிலிருந்தே மதிக்கவில்லை. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் மெஷின். அளவில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதோடு ஒரு வழிகாட்டியும் சேர்ந்து வந்திருந்தது. கையில் பிடிக்கும் புரோபை விலா எலும்புகளின் இடுக்கில் எங்கே வைப்பது என்று திரையில் அம்புக்குறி காட்டும். கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது, இன்னும் நிமிர்த்து. டவுன் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் "வரட்டும், வரட்டும்" என்று தட்டுவாரே, அதே மாதிரி. இடம் சரியானதும் ஓரத்தில் பச்சை விளக்கு எரியும்.

"இனிமே ஸ்கேன் டாக்டருக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்லீங்க. யார் வேணாலும் வெச்சுப் பாத்துக்கலாம்" என்றார் எங்கள் பெரிய டாக்டர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. ஸ்கேன் டாக்டர் நான்தான். நான் சிரித்து வைத்தேன். புரோபை எங்கே வைப்பது என்று விளக்கு சொல்லும். படுத்திருப்பவர் வயிற்றில் என்ன இருக்கிறது, மூச்சை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதையெல்லாம் யார் சொல்வது?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாளைக் கூட்டி வந்தார்கள். நாற்பதைத் தாண்டியவர். அவருடைய தம்பி மேல் மாடியில் ஈரல் கெட்டுப் படுத்திருந்தான். அக்காவின் ஈரலில் ஒரு பாகத்தை வெட்டி அவனுக்கு வைப்பதாக ஏற்பாடு. கூட வந்த சொந்தபந்தம் ஒரு வேன் நிறைய. அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேருக்கும் ஒரு சாக்கு. ஒருத்தருக்கு பிரஷராம், ஒருத்தருக்கு கம்பெனியைப் பார்க்க ஆள் இல்லையாம், ஒருத்தருக்கு ஜாதகத்தில் கத்தி படக்கூடாதாம். அக்காவுக்கு மட்டும் எந்தச் சாக்கும் இல்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

"அக்கான்னா இந்த அம்மணி மாதிரி இருக்கோணுமுங்க" என்று அவருடைய மாமா வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்தில் சங்கிலி, கையில் ரெண்டு போன்.

சொந்தக்காரர்கள் முன்னால் தன் மெஷினைக் காட்டிக்கொள்ள நினைத்தாரோ என்னவோ, பெரிய டாக்டரே புரோபை எடுத்தார். அம்பு காட்டியது, விளக்கு எரிந்தது. அளவு ஏகத்துக்கு ஏறி நின்றது. ஈரல் இறுகிவிட்டது, தானம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். மாமா விடவில்லை. இன்னொரு தடவை பார்த்தே ஆகவேண்டும் என்று சண்டை பிடித்தார். பெரிய டாக்டர் வேண்டா வெறுப்பாக மறுநாள் காலையில் என்னிடம் அனுப்பினார்.

"நேத்து சாப்ட்டுட்டுங்களா வந்தீங்க?" என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.

"வெறும் வயித்தோடதான் வரச் சொன்னாங்க. மாமா கேக்கலீங்க. நல்ல காரியத்துக்குப் போறப்ப பட்டினியா அனுப்பறதான்னு அவங்க ஊட்டுல எறக்கி விருந்து போட்டாங்க. நெஞ்செலும்பு சூப்பு, இட்லி, ஈரல் வறுவல். ஈரல் குடுக்கப் போறவ ஈரலத் திங்கோணும், அப்பத்தான் தெம்புன்னாங்க. எலையில வெச்சதை வேண்டாங்க முடியுங்களா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டால் ஈரலுக்கு ரத்தம் பாய்ந்து அளவு ஏறும். இது போதாதென்று பெரிய டாக்டர், நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதைப் போல, "நல்லா இழுத்துப் புடிங்க" என்று மூச்சைப் பிடிக்க வைத்திருக்கிறார். அதுவும் ஏற்றிவிடும். பச்சை விளக்கு மட்டும் கடமை தவறாமல் எரிந்திருக்கிறது. விருந்து போட்ட மாமாவுக்கும் மெஷின் வாங்கிய டாக்டருக்கும் என் மனசில் ஒரே பெஞ்சில் இடம் கொடுத்தேன்.

நல்லவேளை, என்னிடம் வந்த அன்றைக்குக் காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. மல்லாக்கப் படுக்கச் சொல்லி, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னேன். இடுக்கு விரிந்தது. விரலால் தடவிப் பார்த்து புரோபை வைத்தேன். சாதாரணமாக விடும் மூச்சை நடுவில் லேசாக நிறுத்தச் சொன்னேன். அளவு இறங்கியது. திரும்பத் திரும்ப எடுத்தேன், மாறவில்லை. அருமையான ஈரல்.

"ஒரு குறையும் இல்லீங்க. தாராளமாத் தரலாம்" என்றேன், ஜெயித்த குரலில்.

அவர் தூக்கிய கையை இறக்கவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், நேத்து எடுத்ததையே வெச்சுக்கலாமுங்களா?"

நேற்று அந்தத் தப்பான அளவைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிய ஒரே ஆள் இவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

பொய் எழுத மாட்டேன் என்றேன். ஆனால் விருப்பமில்லாதவரை மேசையில் ஏற்ற மாட்டோம், "பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்லிவிடுவோம், காரணத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம், அதுதான் வழக்கம் என்றும் சொன்னேன். தலையாட்டினார். பெரிய டாக்டரும், அவருக்கு நியாயம் செய்வதென்றால், இதில் மறுபேச்சுப் பேசவில்லை. வராந்தாவில் வந்து, பொருந்தவில்லை, வேறு யாராவது முன்வரலாம் என்றார்.

"அப்ப வேற யாராச்சும் பாக்கோணுமுங்க" என்றார் மாமா. அந்த வேற யாரோ தனக்குப் பின்னால் நிற்கிறார் என்கிற மாதிரி ஒவ்வொருத்தரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் நின்றவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. அவர் போனை எடுத்துக் காதில் வைத்தார். எனக்கு நாக்கில் வந்ததை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

தம்பியிடம் சொல்லத் துணைக்கு வரும்படி அந்த அம்மாள் கேட்டார். போனேன். மாமாவும் பின்னாலேயே வந்தார். மஞ்சள் பூத்த கண்ணோடு தம்பி எழுந்து உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரியில பொருந்தலன்னு சொல்லீருக்காங்க கண்ணு" என்றார் மாமா முந்திக்கொண்டு.

அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்து தம்பியின் கையைப் பிடித்தார். நான் வேண்டாமென்று தலையசைப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"பொருந்துதுடா. எனக்குத்தான் பயமா இருக்குது."

மாமா குறுக்கே பேச வந்தார். தம்பி அவரைப் பார்க்கவே இல்லை. அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குந்தானுங்க்கா" என்றான்.