கூடைக்குள் பாரிஸை அடைத்த கதை

பட்டாசக்காவின் கோபத்துக்கு அந்தப் பரிசுக் கடையில் தனி மரியாதை உண்டு. முதலாளியே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவைத் திறப்பார். அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். ஊரெல்லாம் ஹாரன் அடிக்கும் மனிதர், தன் வீட்டு வாசலில் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைவார். இத்தனை கோபத்துக்கும் காரணம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்: செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்வது. பரிசுக் கூடையின் அடியில் கிழித்த காகிதத்தைத் திணித்து, மேலே நாலு டப்பாவை நிறுத்திவைக்கும் தொழில் தர்மம் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

புதுக் கிளை ஒன்று திறக்க இருந்தார்கள். பதினோரு வருசமாகக் கூடை கட்டுகிற தனக்குத்தான் அதன் பொறுப்பு என்று அக்கா நம்பியிருந்தாள். அந்த நேரம் பார்த்து முதலாளியின் மச்சான் பாரிஸ் போய்விட்டு வந்து கடையில் சேர்ந்தார். மூன்று நாள் பயணம்; அதில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மிச்சமிருந்த ஒரு நாளில் பிரெஞ்சுப் பண்பாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டார்.

ஒரு அம்மா பிரெஞ்சுக் கூடை வேண்டும் என்று வந்தபோது முதலாளி அக்காவுக்கும் மச்சானுக்கும் நடுவே தராசைத் தூக்கினார்.

"ஆளுக்கு ஒண்ணு கட்டுங்க. அந்தம்மா யாருதை எடுக்கிறாங்களோ, புதுக்கடை அவங்களுக்கு."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். அடியில் துண்டுக் காகிதம் கூட இல்லை. ஒயின் பாட்டிலை வெள்ளைத் துணியில் சுற்றிப் படுக்கவைத்தாள். அது உருளாமல் இருக்க இரு பக்கமும் ஆலிவ் பாட்டிலும் அத்திப்பழ ஜாமும். சீஸைக் கடைசி நிமிடம்வரை ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தாள். அன்று காலை சுட்ட நீள ரொட்டி. எல்லாவற்றுக்கும் மேலே ஒயின் ஓபனர். பிரிக்கிறவர் வீடு முழுக்க அதைத் தேடி அலையக் கூடாதாம்.

மச்சான் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ஈஃபில் டவரக் காணோம்?"

"அது என்ன, திங்கிற சாமானா?"

"அங்கெல்லாம் பாக்குறதுதான் முக்கியம்க்கா. திங்கிறது ரெண்டாவது."

"ஆமாமா. நீங்க அங்க தின்ன லட்சணம்தான் கடைக்கே தெரியுமே."

மச்சானின் கூடையில் முக்கால்வாசி காகிதம். அதன்மேல் தகரத்தில் ஒரு டவர், தொப்பி போட்ட பீங்கான் பூனை, வாசனை மெழுகுவத்தி. திராட்சை ஜூஸ் பாட்டில் ஒன்று, ஒயின்போல் தெரியட்டும் என்று லேபிளை மறைத்துக்கொண்டு திரும்பி நின்றது. உயரம் மட்டும் அக்காவின் கூடையைவிட இரண்டு மடங்கு.

அந்தம்மா கூடை எடுக்க வந்தார். அக்காவின் கூடையை முகர்ந்து, "வாசனையே ஆளைத் தூக்குது" என்றார். அக்காவின் புருவம் பல மாதங்களுக்குப் பிறகு சமநிலைக்கு வந்தது. அந்தம்மா நகர்ந்து போய் டவரைத் தொட்டார்.

"இதக் குடுங்க."

"அதுல திங்க ஒண்ணுமே இல்லையேம்மா" என்றாள் அக்கா, குரலை அடக்கிக்கொண்டு.

"யாரு பிரிக்கப்போறா? இது என் நாத்தனாருக்கு. அவ அப்படியே அவ மேனேஜருக்குத் தள்ளிவிட்ருவா. போன வருசம் நான் குடுத்த கூடை ஊரச் சுத்தி எனக்கே வந்துச்சு. ரொட்டின்னா காஞ்சுபோயிரும். டவர் கெடாதுல்ல?"

முதலாளி மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு ஆழ்ந்த பண்பாட்டறிவுக்கு முன்னால் பதினோரு வருசமெல்லாம் எம்மாத்திரம்.

"அக்கா, இதுக்குக் கண்ணாடித்தாள் சுத்திக் குடுத்துருங்க."

"பொறுப்பாளர் சுத்தட்டும்."

பொறுப்பாளர் சுற்றினார். டவரின் முனை பட்டுத் தாள் கிழிந்தது. அடுத்த தாளைப் பூனையின் காது கிழித்தது. அந்தம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி மச்சானைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வேறு போக்கிடம் இல்லாமல் கூரையைப் பார்த்தார்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் கூடையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து, சீஸை அப்பினாள்.

"என்னக்கா இது?" என்றார் முதலாளி.

"சம்பளத்துல புடிச்சுக்குங்க."

ஒரு வாய் கடித்து, கண்ணை மூடி மென்றாள். அருமையாக இருந்தது. அதில்தான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.