மூன்றாம் மாடியில் ஒரு சுவர்

கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோன பிறகு மாடிவீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு மூன்றாம் மாடி கிடைத்தது. சொந்தக்காரரெல்லாம் மாஷா அல்லாஹ் என்றார்கள். எனக்கோ ஒரே பயம். எங்கள் தரைதான் கீழ்வீட்டு மாமிக்குக் கூரை. எங்கள் கூரைமேல் வேறு யாரோ அம்மி அரைத்தார்கள். இத்தனை குடும்பத்தையும் இந்த ஒல்லித் தூண்கள் எப்படித் தாங்கும்? மேல்வீட்டுப் பிள்ளைகள் குதித்தால் நான் வாசலுக்கு ஓடிவிடுவேன். சுவரோரக் குழாயில் யாராவது வாளித் தண்ணீரை ஊற்றினால் கடல் வருகிறதென்று அலறுவேன். மூத்தவள் ராத்தா மட்டும் திரும்பியும் பார்க்கமாட்டாள். என் அலறல் அவளுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

அந்த ராத்தாவுக்குக் கலியாணம் பேசினார்கள். எங்கள் ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. மாப்பிள்ளை வந்து அங்கே குடியிருப்பார். பழைய வீட்டு வளவென்றால் வாப்பா அந்த நிலத்திலேயே இன்னொரு வீடு எழுப்பியிருப்பார். மூன்றாம் மாடியில் வளவுக்கு எங்கே போவது? இருந்த வீட்டையே இரண்டாக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். நடுச்சுவரை உடைத்துத் தள்ளிவைத்தால் ராத்தாவுக்கு ஓர் அறையும் உட்காரக் கொஞ்சம் ஹோலும் வருமாம். பழைய வீட்டில் எத்தனையோ சுவரை அப்படி நகர்த்தியவர் அவர்.

மேசன் வந்தார். முதல் அடியிலேயே யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த ஒரே சூராவைத் திரும்பத் திரும்ப ஓதினேன். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு மாமி முக்காட்டை இழுத்துப் போட்டபடி மூச்சுவாங்கப் படியேறி வந்து வாப்பாவிடம் கத்தினார்.

"காக்கா, எங்கட கறிச்சட்டிக்குள்ள சீமெந்து கொட்டுது! எங்கள எல்லாம் மவுத்தாக்கப் போறீங்களா?"

வாப்பா பதில் சொல்லுமுன் சுத்தியல் வேறு மாதிரி ஒலித்தது. மேசன் உடைந்த இடத்தை ஊதிப் பார்த்தார். உள்ளே விரல் தடிப்பில் இரும்புக் கம்பி தெரிந்தது.

"காக்கா, இது சும்மா சுவரில்ல. மேல்வீட்ட இதுதான் தாங்கிக்கிட்டு நிக்கிது. இன்னும் கை வெச்சா எல்லாம் கீழ வந்திரும்."

கேட்டதுதான் தாமதம், படிகளில் விழுந்தெழும்பி ஓடினேன். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேகம் ஓடியது. கட்டடம் என் பக்கம் சாய்வது போலவே இருந்தது. உம்மா யன்னலில் தலையை நீட்டி, "மேல வா புள்ள" என்றார்.

"நீங்க இறங்கி வாங்க உம்மா!"

ஒருவரும் இறங்கவில்லை. என் வீட்டார் எல்லாரும் அதற்குள் போய்விடுவார்கள், நான் மட்டும் மிஞ்சுவேன் என்று தொண்டை கட்டும்வரை அழுதேன்.

பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு ராத்தா வந்து என்னைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். உடைத்த ஓட்டையைச் சீமெந்தால் பூசியிருந்தார்கள். பாரமில்லாத பலகைச் சுவரொன்றை ஹோலின் குறுக்கே அடித்து முடித்திருந்தார்கள். யன்னல் உள்ள பக்கம் ராத்தாவுக்கு. சமைக்கிற குசினியும் பாய் விரிக்கிற அளவு இடமும் எங்களுக்கு.

வாப்பா அந்த மிச்சத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்து பார்த்தார். பிறகு உம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"இனி இதுக்குள்ள இன்னொரு சுவர் வெக்க ஏலா."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திக்கொண்டு உம்மாவின் மடியில் போய் விழுந்தேன். உம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். பாவம், அவருக்கும் கட்டடத்துக்குப் பயம்போல என்று நினைத்து அவருடைய முதுகைத் தடவினேன்.

"பயப்புடாதீங்க உம்மா. இனி ஒருத்தரும் உடைக்க மாட்டாங்க."

ராத்தாவுக்கு அடுத்ததாக வீடு கொடுத்துக் கட்டிவைக்க வேண்டிய மகள் நான்தான். அது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.