புழுக்களுக்குப் பந்தி

"கொசுவைக் கையால அடிக்கிறவன் தோத்துப்போனவன். இருபது வருஷமா இந்தக் கை ஒரு கொசுவைக்கூட அடிச்சதில்ல!"

சொல்லிக்கொண்டே சாக்கடை மூடியைக் கம்பியால் நெம்புகிறார் சுகாதாரத் துறை ஊழியர். ஏரியாவில் அவருக்குப் புழுக்காரர் என்று பெயர். அதே நேரத்தில் அவருடைய பின்கழுத்தில் ஒரு கொசு நிதானமாக ரத்தம் குடித்துக்கொண்டிருக்கிறது. காட்டினால் சளைக்க மாட்டார். "இது நம்ம ஏரியா கொசு இல்லீங்க. அடுத்த ஏரியா. பறக்குற தினுசே தெரியுதே."

நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியால் தண்ணீரை மொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதில் நெளியும் கொசுப்புழுக்களை எண்ணுவார். "ஏழு, எட்டு, இந்தா ஒருத்தன் முங்கிட்டான், ஒம்பது." பிறகு பழுப்புப் பொடியை வாளியில் கரைத்து ஊற்றுவார். விஷம் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "விஷமா? பந்தி போடுறேங்க! மண்ணுல சும்மா கிடக்குற கிருமி இது. புழு நல்ல தீனின்னு முழுங்கும். உள்ள போய் குடலை ஓட்டை போட்டுரும். நாளைக்கு வந்து பாருங்க, அத்தனையும் மிதக்கும். மீனுக்கு ஒண்ணும் ஆகாது, நாய்க்கு ஒண்ணும் ஆகாது."

"நீங்க குடிப்பீங்களா?" என்றேன்.

"இப்பத்தான் டீ குடிச்சேன்" என்றார்.

அவருடைய பரம எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். மனைவியின் தம்பி, அதே துறையில் புகை மெஷின் ஓட்டுகிறவன். "மாமா, நான் தெருவுல இறங்குனா நாலு பேர் ஜன்னலைச் சாத்துறான், பத்து பேர் இருமுறான். வேலை நடக்குதுன்னு ஊருக்கே தெரியும். நீங்க செய்யுறது உங்களுக்கும் புழுவுக்கும்தானே தெரியும்?" சாப்பாட்டு மேஜையில் இதைக் கேட்டு அக்கா சிரித்துவிட்டால், புழுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

இந்தச் சண்டைக்கு மேலிடம் ஒரு தீர்ப்பு நாள் குறித்தது. பெரிய அடுக்குமாடி வளாகம் ஒன்றில் மூன்று மாதம் கிருமிப் பொடி மட்டும். முடிவில் அதிகாரி அம்மா நேரில் வந்து பார்ப்பார். திருப்தி என்றால் ஏரியா முழுவதும் பொடி. இல்லையென்றால் ஏரியா முழுவதும் புகை. புழுக்காரர் மச்சானுக்குப் பின்னால் டீசல் கேன் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசி வாரம் கீழ்த்தளத் தொட்டியின் சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு காவலாளி நான்கு நாள் லீவில் போய்விட்டார். அவர் திரும்பி வந்து, தொட்டியைத் திறந்து கரண்டி விட்டபோது புழுக்காரரின் முகம் விழுந்துவிட்டது. புழுக்களில் பாதி, கூன் விழுந்த குண்டுக் கூட்டுப்புழுக்களாக மாறியிருந்தன. அந்தப் பருவத்தில் அவை எதையும் தின்பதில்லை. இரண்டு நாளில் றெக்கை முளைத்துக் கிளம்பிவிடும்.

"உண்ணாவிரதம் இருக்குறவனுக்குப் பந்தி போட்டு என்ன பிரயோஜனம், சொல்லுங்க" என்றார் என்னிடம். தண்ணீரை இறைக்கலாம் என்றால் மோட்டார் ரிப்பேர். வீட்டிலிருந்து பழைய போர்வையைக் கொண்டுவந்து தொட்டியை மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்தார். போர்வையில் எத்தனை ஓட்டை என்று அவருடைய மனைவிக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் வளாகத்தின் கூட்ட அறையில் அதிகாரி அம்மா பேசினார். புழுக்காரர் பக்கத்திலேயே நின்றார். மச்சான் கடைசி வரிசையில், காதைத் தீட்டிக்கொண்டு கூரையைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தான்.

"காலைலேர்ந்து சுத்திப் பார்க்குறேன். இங்க ஒரு கொசுகூட என் கண்ணுல படல. பொடியே தொடரட்டும்" என்று அம்மா பேனாவைத் திறந்தார். உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்ட ஒன்று, பாடிக்கொண்டே அவருடைய காதை நோக்கி இறங்கியது.

அறை முழுக்கக் கைதட்டியது. புழுக்காரரும் தட்டினார். ஒரே ஒரு தட்டு. கொஞ்சம் உயரத்தில், கொஞ்சம் இடப்பக்கமாக. கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவர் உள்ளங்கைகளைப் பிரிக்கவில்லை. கூப்பிய கையோடேயே அம்மாவுக்கு நன்றி சொன்னார்.