சத்தம் நின்றால் அழும் பிள்ளைகள்

குழந்தைகளின் வளர்ச்சியைப் படிப்படியாகக் கவனித்து, குறை கண்டால் தாயிடம் உடனே தெரிவிக்கும் பயிற்சி பெற்றவர் கிருபாபாய் என்றது ஆலையின் குறிப்பு. அதில் பெயர் மட்டும் சரி. பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு, வேறெந்த வேலைக்கும் ஆகாமல், ராஜபாளையத்து பேண்டேஜ் துணி ஆலையின் குழந்தைகள் காப்பகத்துக்குத் தள்ளப்பட்டவர் அவர்.

காப்பகச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள். அந்த இரைச்சலில்தான் பிள்ளைகள் தூங்கும்; கரண்ட் போய்த் தறி நின்றால் திடுக்கிட்டு விழித்து அலறும். 1986 கோடையில் ஒரு நாள் அப்படிக் கரண்ட் போனது. எல்லாத் தொட்டில்களிலும் அழுகை. தறி ஓட்டும் வெள்ளத்தாயின் ஒரு வயது மகன் மட்டும் தூங்கினான்.

பால் கொடுக்க ஓடிவந்த வெள்ளத்தாய், முதல் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், பூரித்துப்போனாள்.

"பாத்தியளாக்கா, எம்புட்டு சமத்து! ராசால்லா எம்புள்ள!"

"ராசாதான். செத்த நேரம் தூங்கட்டும். ஏட்டி, கரண்டு வந்துரும், நீ போய்த் தறியப் பாரு."

அவள் போனபின் கிருபாபாய் பையனை எழுப்பி உட்காரவைத்து, அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைத் தரையில் போட்டார். அவன் திரும்பவில்லை. மறுபடியும் போட்டார். அவன் தன் கால்விரலைப் பார்த்துச் சிரித்தான்.

மாலையில் வெள்ளத்தாய் கேட்டாள்: "இன்னும் அம்மான்னு ஒரு சொல்லு வரலையேக்கா?"

"ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்" என்றார் கிருபாபாய்.

பையன் பள்ளிக்கூடம் சேரும் வயது வரை அதையே சொன்னார்.