கறி பண்ணத் தெரியுமா

மானசகங்கோத்ரிப் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி எந்த வீட்டு மாடி காலி, எந்த வீட்டில் தண்ணீர்த் தகராறு என்பதெல்லாம் அய்யாசாமிக்கு அத்துப்படி. பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்தில் அவர் பியூன். விடுதியில் இடமில்லையென்று முகம் தொங்க வெளியே வரும் பிள்ளைகளை அவரே கூப்பிட்டு அறை பிடித்துக் கொடுப்பார். பைசா வாங்கமாட்டார். நாலு பேர் 'அய்யாசாமியண்ணன்' என்று சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

தொண்ணூற்று நாலாம் வருடம் ஹனூரிலிருந்து ஜீவிதா எம்.எஸ்ஸி. சேர வந்தாள். அவள் அப்பா லிங்கப்பன் ஊரில் அய்யாசாமிக்குப் பக்கத்து வீடு. மகளை அனுப்ப அவர் போட்டது ஒரே நிபந்தனை. அய்யாசாமி குடியிருக்கும் வீட்டிலேயே அறை கிடைத்தால் படிக்கட்டும், இல்லையென்றால் பேசாமல் திரும்பி வரட்டும்.

அந்த வீடு யதுகிரியம்மாவுடையது. மேல்கோட்டைப் பூர்வீகம், வீட்டுக்குள் தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பம். பின்கட்டில் பதினோரு வருடமாக அய்யாசாமியும் மனைவி பாப்பாத்தியும் இரண்டு பிள்ளைகளும். சைவம் என்று சொல்லித்தான் உள்ளே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, ஓட்டலில் ஒரு பிடி பிடித்துவிட்டு வெற்றிலை மென்றபடி திரும்புவார்கள்.

"கேட்டா சைவம்னு சொல்லிப்போடு அம்முணி" என்று ஜீவிதாவுக்கு வழியிலேயே சொல்லிவைத்தார்.

"சரிங்கண்ணா."

சொல்ல மறந்தது ஒன்றுதான். ஹனூரில் கறி என்றால் ஆடு, கோழி. யதுகிரியம்மா வீட்டில் கறி என்றால் கத்தரிக்காய், வாழைக்காய். குடிவந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டு அய்யாசாமியே வெலவெலத்துப் போயிருக்கிறார். கேட்டுக் கேட்டுக் காது பழகியதில் புத்தியில் தட்டவே இல்லை. தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய மறதி!

யதுகிரியம்மாவுக்குப் பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. மாடியறைச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"நீயே சமைச்சுப்பியோ? கறி பண்ணத் தெரியுமா?"

ஜீவிதா திகைத்து அய்யாசாமியைப் பார்த்தாள். பிறகு, அண்ணன் வீணாகப் பயந்திருக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, முகமெல்லாம் சிரிப்பாயிற்று. பொய் சொல்லத் தேவையில்லாத சந்தோஷம்.

"நல்லாத் தெரியுமுங்கம்மா. எலும்புக் கறின்னா மட்டும் வேகறதுக்குக் கொஞ்சம் நேரமாகுமுங்க."

சாவி இடுப்புக்கே திரும்பிப் போனது.

"ராமா! அய்யாசாமி, நீ சொல்லித்தானே இவளை அழைச்சுண்டு வந்தே? உங்க ஊர்லே எல்லாரும் இப்படித்தானோ? நீயும் சாப்பிடறது உண்டோ?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வெளியேதான் சாப்பிடுகிறோம், இந்த வாசலுக்குள் கொண்டு வந்ததில்லை, இவளும் அப்படியே இருப்பாள் என்று கெஞ்சியிருக்கலாம். யதுகிரியம்மா இரண்டு நாள் கோபித்துக்கொண்டு மூன்றாம் நாள் இறங்கி வருகிற மனுஷிதான். ஆனால் பின்கட்டு போய்விட்டால் பிள்ளைகளோடு எங்கே போவது? வாய் முந்திக்கொண்டது.

"ஐயோ, நானாம்மா? எங்க வீட்ல மூணு தலைமொறையாத் தொடறதில்லீங்க. இவிங்க வேற ஆளுங்க. எனக்கே இப்பத்தான் தெரியுது."

போன மாதம் ஊர் நோம்பிக்கு லிங்கப்பன் வீட்டில் சம்மணம் போட்டுக் கறிச்சோறு சாப்பிட்டவர் அவர். போதும் போதும் என்றபோதும் விடாமல் பரிமாறியவள் இதே ஜீவிதா.

அவள் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், அவர் குட்டு உடைந்துவிடும். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"எம்மேலதானுங்கம்மா தப்பு. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

தெருமுனையில் அய்யாசாமி எதையோ சொல்ல ஆரம்பித்தார். "படுவாரஹள்ளியில ஒரு ரூம் இருக்குது அம்முணி…"

"அப்பா ஒத்துக்க மாட்டாருங்கண்ணா." அவ்வளவுதான். ஊருக்குப் போகும் கொள்ளேகால் பஸ்ஸில் ஏறிவிட்டாள். திட்டியிருந்தால்கூட அய்யாசாமிக்கு மனசு ஆறியிருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை லிங்கப்பன் அலுவலகத்துக்கு வந்தார், மகளின் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க. அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து வரவேண்டியது பியூன் வேலை. அய்யாசாமிதான் எடுத்துவந்தார்.

"புள்ள எல்லாஞ் சொல்லுச்சுங்க. அந்தம்மா தங்கச்சி மகளுக்கு ரூம் வேணும்னுட்டாங்களாமா. நீங்க காலுல விழாத கொறையாக் கேட்டீங்களாமா. எங்களுக்காக இத்தன அலைஞ்சீங்களே அய்யாசாமி, அதுவே போதுமுங்க."

அவர் கும்பிட்டார். இந்த மனிதர் தன்னை ஓர் அறை அறைந்திருக்கக் கூடாதா என்றிருந்தது அய்யாசாமிக்கு.

"இங்கீங்க" என்று, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார்.